வில்லியம் பிளேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும், எங்கோ ஓர் அட்டைப்படத்தில் அவருடைய ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வருபவர்களும் பிளேக்கைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பிளேக் கவிஞரா, ஓவியரா? ரெண்டுலயும் பேர் வருதே.

இரண்டும்தான். பிழைப்புக்குச் செய்த தொழில் செப்புத் தகட்டில் படம் செதுக்குவது. லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருவில், காலுறை விற்ற ஒரு கடைக்காரரின் மகனாக 1757 நவம்பர் 28 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. பத்து வயதில் ஓவியப் பயிற்சி. 1772 முதல் ஜேம்ஸ் பேசயர் என்ற செதுக்குக் கலைஞரிடம் ஏழாண்டு தொழில் பழகினார். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இருக்கும் பழைய அரசர்களின் கல்லறைச் சிற்பங்களை வரைந்துவரச் சொல்லி பேசயர் அவரை அனுப்பினார். பிளேக்கின் உருவங்களில் நீண்ட உடலும் நேர்கோட்டில் விழும் ஆடை மடிப்பும் அடிக்கடி வருவதற்கு அந்தக் கோதிக் (இடைக்கால ஐரோப்பியப் பாணி) சிற்பங்களோடு கழித்த பொழுதுகள் ஒரு பெரிய காரணம்.

கவிதை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் பிளேக் கைக்குச் சிக்கமாட்டார். பாடப்புத்தகங்கள் கவிதையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டன. பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அவரே கண்டுபிடிச்ச அச்சு முறைன்னு சொல்றாங்களே, அது என்ன?

அந்தக் காலத்தில் படத்தோடு ஒரு புத்தகம் வர வேண்டுமென்றால் பல கைகள் மாற வேண்டும். எழுத்து, மேடாக வார்த்த ஈய அச்சுகளிலிருந்து பதியும். படமோ, தகட்டில் பள்ளமாக வெட்டிய கோடுகளில் மையை நிரப்பி, வேறோர் இயந்திரத்தில் அழுத்தி எடுக்கப்படும். பிளேக் 1788 வாக்கில் இதைத் தலைகீழாக்கினார். அமிலம் அரிக்காத வார்னிஷைத் தூரிகையிலும் பேனாவிலும் தொட்டு, சொல்லையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் தானே எழுதினார். தகட்டின் மேல் அமிலத்தை ஊற்றி நிறுத்தினால் வார்னிஷ் படாத இடமெல்லாம் கரைந்து கீழே இறங்கும். எழுதியதும் வரைந்ததும் மேடாக நிற்கும். அந்த மேட்டில் மை ஒற்றி, தாளை வைத்து, உருளை அச்சில் லேசான அழுத்தத்தில் இழுப்பார். பிறகு கையால் நீர்வண்ணம் தீட்டுவது. தாளில் இடவலம் மாறி விழும் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் தகட்டில் திருப்பி எழுதியாக வேண்டும். செதுக்குத் தொழிலில் ஊறிய கைக்கு மட்டுமே இது கூடும்.

1787-இல் இறந்துபோன தம்பி ராபர்ட் ஒரு தரிசனத்தில் வந்து இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார் என்று பிளேக் சொல்லிவந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ‘சொர்க்கம் நரகம் திருமணம்’ நூலில் அவர் இந்தத் தொழிலைப் பற்றி எழுதிய வாசகம். அமிலத்தால் வெளித்தோற்றத்தைக் கரைத்து, உள்ளே மறைந்திருந்த எல்லையின்மையை வெளிக்காட்டுகிறேன் என்கிறார். அடுத்த வரிதான் உலகமே மேற்கோள் காட்டும் வரி: புலன்களின் கதவுகள் துடைக்கப்பட்டால் எல்லாப் பொருளும் உள்ளபடியே, எல்லையற்றதாகத் தோன்றும். மேற்கோள் காட்டுபவர்கள் முந்தைய வரியை விட்டுவிடுகிறார்கள். அவருடைய தத்துவமும் பட்டறை வேலையும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரே புத்தகம், ஆனா தேடினா ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு கலர்ல வருது. எது ஒரிஜினல்?

எல்லாமே. ஒவ்வொரு பிரதியும் கையால் அச்சிட்டு வண்ணமிட்டது. 1789-இல் செய்த ‘மாசின்மைப் பாடல்கள்’ பிரதிகளில் மெல்லிய நீர்வண்ணம்தான் இருக்கும். 1820-களில் அதே தகடுகளிலிருந்து எடுத்தவற்றில் வண்ணம் அடர்ந்து, சிலவற்றில் பொன்னும் ஏறியிருக்கும். பாடல்களின் வரிசைகூடப் பிரதிக்குப் பிரதி மாறும். ஆய்வாளர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எழுத்தை அடையாளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.



புதுசா படிக்கிறவங்க எங்க ஆரம்பிக்கலாம்?

‘மாசின்மை மற்றும் அனுபவப் பாடல்கள்’. வேறு யோசனையே வேண்டாம். ஆனால் படத்தோடு படியுங்கள். ‘வில்லியம் பிளேக் ஆர்க்கைவ்’ என்ற இணையதளம் 1996 முதல் பிரதி பிரதியாகப் பக்கங்களைக் காட்டுகிறது, கட்டணம் இல்லை. ஒரே பாடலை இரண்டு மூன்று பிரதிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘மில்டன்’, ‘ஜெருசலேம்’ போன்ற நீண்ட தீர்க்கதரிசன நூல்களுக்கு அப்புறம் போகலாம்.

மாசின்மை நல்லது, அனுபவம் கெட்டதுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. 1794-இல் இரண்டையும் சேர்த்தபோது அவர் கொடுத்த துணைத்தலைப்பே, மனித ஆன்மாவின் எதிரெதிரான இரண்டு நிலைகளைக் காட்டுபவை என்பதுதான். ஒன்று போய் மற்றொன்று வருவதாக அவர் சொல்லவில்லை.

புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் பற்றி இரண்டு பகுதியிலும் ஒவ்வொரு பாடல் உண்டு. ஏழை வீட்டுப் பையன்களை விலைக்கு வாங்கிப் புகைக்கூண்டுக்குள் ஏற்றிவிட்ட காலம் அது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது, யாரும் மதிக்கவில்லை. மாசின்மைப் பாடலில் டாம் என்ற சிறுவன் கனவு காண்கிறான். கருப்புச் சவப்பெட்டிகளில் அடைபட்ட பையன்களை ஒரு தேவதூதன் திறந்துவிடுகிறான். கடமையைச் செய்தால் தீங்கு வராது என்ற நீதியோடு பாடல் முடிகிறது. அந்த நீதியைப் பையன் நம்புகிறான். நமக்கு வயிறு எரிகிறது. அனுபவப் பாடலின் பையனோ எதையும் நம்புவதில்லை. என் துயரத்தைக் கொண்டு சொர்க்கம் கட்டுகிற கடவுளையும் குருவையும் அரசனையும் துதிக்க அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறான். முதல் பையனிடம் கண்ணால் பார்க்காத விடுதலையைக் கற்பனை செய்யும் ஆற்றல் இருக்கிறது, இரண்டாமவனிடம் அநியாயத்தைப் பெயர் சொல்லி அழைக்கும் தெளிவு இருக்கிறது. இருவருக்கும் இல்லாதது மற்றவனிடம் உள்ளது. பிளேக்குக்கு இரண்டுமே வேண்டும்.

‘புலி’ எதுக்குக் குறியீடு? ஒரு வரியில சொல்லுங்க, பரீட்சைக்கு வேணும்.

ஒரு வரியில் சொன்னால் அந்தக் கவிதையைக் கொன்றுவிடுவோம். அது முழுக்கக் கேள்விகளால் ஆனது. ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த அச்சமூட்டும் சீர்மையை வார்க்க யாரால் முடியும் என்று தொடங்குவது, வார்க்க யாருக்குத் துணிவு வரும் என்று முடிகிறது. முடியுமா என்ற கேள்வி துணிவாயா என்று மாறுகிறதே, அதுதான் கவிதைக்குள் நடக்கும் பயணம். சம்மட்டி, உலை, பட்டடை என்று படைப்பவனை அவர் ஒரு கொல்லனாகவே காட்டுகிறார். பிரெஞ்சுப் புரட்சி இரத்தமும் நெருப்புமாக எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதியது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தகட்டைப் பார்த்தீர்களா? பல பிரதிகளில் அந்தப் புலி சாதுவாக, பொம்மை மாதிரி நிற்கிறது. அவருக்குப் புலி வரையத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. பயங்கரம் புலியிடமா, கேள்வி கேட்பவனின் கண்ணிலா என்று படம் கவிதையைத் திருப்பிக் கேட்கிறது. பரீட்சையில் எழுதுவதென்றால், ஆட்டுக்குட்டியைப் படைத்தவன்தான் இதையும் படைத்தானா என்ற விடையில்லாத கேள்வியே இங்கே குறியீடு என்று எழுதுங்கள்.

பிளேக் கிறிஸ்தவரா, நாத்திகரா?

ஆழமான கிறிஸ்தவர், ஆனால் எந்தச் சபையும் ஏற்றுக்கொள்ளக்கூடிய மாதிரி இல்லை. 1789 ஏப்ரலில், ஸ்வீடன் நாட்டு மறைஞானி ஸ்வீடன்போர்க்கைப் பின்பற்றுபவர்கள் லண்டனில் நடத்திய முதல் பொது மாநாட்டில் அவரும் மனைவி கேத்தரினும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அவரே ஸ்வீடன்போர்க்கைக் கடுமையாகக் கிண்டல் செய்து எழுதினார்.

அவர் நம்பியது இது: கற்பனை என்பது மனதின் ஒரு மூலையில் நடக்கும் விளையாட்டல்ல, அதுவே மனிதனுக்குள் இருக்கும் தெய்வீகம், இயேசுவின் உடல். 1788-இல் செய்த ‘எல்லா மதங்களும் ஒன்றே’ என்ற சிறிய தகட்டு நூலில், எல்லா மதமும் கவித்துவ மேதைமை என்ற ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்கிறார். 1825-இல் கிராப் ராபின்சன் என்பவர் இயேசுவின் தெய்வத்தன்மை பற்றிக் கேட்டபோது, அவர் ஒருவரே கடவுள் என்று சொல்லிவிட்டு, நானும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான் என்று சேர்த்தார். பூசாரித்தனத்தை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. ‘காதல் தோட்டம்’ பாடலில், விளையாடிய புல்வெளியில் ஒரு ஜெபாலயம் முளைத்து, ‘செய்யாதே’ என்ற கட்டளை அதன் கதவில் எழுதியிருக்கும்.

சாத்தானைப் புகழ்ந்தவர்னு சொல்றாங்களே?

‘சொர்க்கம் நரகம் திருமணம்’ நூலைப் பாதி படித்துவிட்டுச் சொல்வது அது. அடங்கிக் கிடப்பதை நன்மை என்றும், துடிப்பைத் தீமை என்றும் மதவாதிகள் பெயர் வைத்துவிட்டார்கள் என்பது அவர் வழக்கு. அதனால் துடிப்பின் கட்சிக்கு ‘நரகம்’ என்ற பெயரையே ஏற்றுக்கொண்டு பேசுகிறார். எதிர்முரண்கள் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்பது அந்நூலின் அச்சாணி. ‘இழந்த சொர்க்கம்’ காவியம் எழுதிய மில்டன் தன்னையறியாமல் பிசாசின் கட்சியில் இருந்தார் என்ற புகழ்பெற்ற வரியும் இங்கேதான்.

பிற்கால நூல்களில் அவருடைய சாத்தான் வேறு ஆள். குற்றம் சாட்டுபவன், தன்னை மட்டும் நீதிமானாக நினைப்பவன், மன்னிக்கத் தெரியாதவன். ஒரு நூலில் கண்ட பொருளை அடுத்த நூலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று நான் எச்சரிப்பது இதனால்தான்.

கவராயம் வச்சிருக்கிற அந்தத் தாடிக் கிழவர் கடவுள்தானே?

‘நாள்களின் முதியவர்’ என்று அறியப்படும் படம், 1794-இல் வந்த ‘ஐரோப்பா’ நூலின் முகப்பு. படைப்புக் காட்சி என்று தேவாலயத்தில்கூட மாட்டிவிடுவார்கள். பிளேக் தானே படைத்த புராண உலகில் அது யூரிசன். அளப்பவன், சட்டம் இயற்றுபவன், பகுத்துப் பகுத்துத் தானே சிறைப்பட்டவன். ‘யூரிசனின் புத்தகம்’ நூலில் ஒரே அரசன், ஒரே கடவுள், ஒரே சட்டம் என்று பித்தளைப் புத்தகத்தில் எழுதிவைப்பவன் இவன்தான்.

ஆனால் படத்தை நன்றாகப் பாருங்கள். எவ்வளவு அழகு! காற்றில் பறக்கும் தாடியும், வளைந்து இறங்கும் அந்தக் கையும் வெறுப்பில் வரைந்தவை அல்ல. மரணப் படுக்கையில்கூட இந்தப் படத்தின் ஒரு பிரதிக்கு வண்ணமிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பகுத்தறிவு தன் இடத்தில் இருக்கும்போது ஒளியின் அரசன். தானே எல்லாம் என்று அமரும்போதுதான் கொடுங்கோலன். கிழவரின் வட்டத்துக்குள் மண்டியிட்ட உடல் இரண்டையும் சொல்கிறது.

அப்ப அறிவியலுக்கு எதிரியா? நியூட்டன் மேல ஏன் அவ்வளவு கோபம்?

1795-இல் செய்த ‘நியூட்டன்’ வண்ண அச்சில், பாசி படர்ந்த பாறைமேல் உட்கார்ந்து ஒரு கட்டழகன் குனிந்து கவராயத்தால் வரைந்துகொண்டிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் பாறையெங்கும் வண்ணம் பொங்குகிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. 1802-இல் நண்பர் தாமஸ் பட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒற்றைப் பார்வையிலிருந்தும் நியூட்டனின் உறக்கத்திலிருந்தும் கடவுள் நம்மைக் காக்கட்டும் என்கிறார். ‘ஒற்றை’ என்பதில்தான் அழுத்தம். அளப்பதை அவர் மறுக்கவில்லை. அளக்க முடிந்தது மட்டுமே உண்மை என்பதை மறுத்தார்.

பிரிட்டிஷ் நூலகத்தின் முற்றத்தில் இதே படத்தை வைத்து எடுவார்டோ பவலோட்சி 1995-இல் செய்த வெண்கலச் சிலை நிற்கிறது. கண்டித்து வரைந்ததைப் போற்றும் சிலையாக்கிவிட்டார்கள் என்று சிலர் வருந்துகிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன அந்த இரட்டைத்தன்மை நியூட்டனின் உடலழகிலும் இருப்பதால் எனக்கு அந்த வருத்தம் இல்லை.

யூரிசன், லாஸ், ஆர்க்... தலை சுத்துது. ஒரு பட்டியல் குடுங்களேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்பியன் ஆதிமனிதன், பிரிட்டனும் அவனே. அவனுக்குள் நான்கு ஆற்றல்கள்: யூரிசன் பகுத்தறிவு, லூவா உணர்ச்சி, தார்மஸ் உடலுணர்வு, உர்தோனா கற்பனை. ஆல்பியன் உறங்கிவிழும்போது நால்வரும் பிரிந்து சண்டையிடுகிறார்கள். உர்தோனா இந்த உலகில் எடுக்கும் வடிவம் லாஸ் என்ற கொல்லன். உலையும் சம்மட்டியும் வைத்திருக்கும் கலைஞன். ‘புலி’யில் பார்த்த பட்டடை ஞாபகம் வருகிறதா? லாஸின் மகன் ஆர்க், புரட்சியின் நெருப்பு. லாஸ் கட்டும் கலையின் நகரம் கோல்கோனூசா.

இதை அகராதியாக வைத்துப் படித்தால் சலித்துவிடும். நால்வரும் ஒரே மனிதனுக்குள் இருப்பவர்கள், ஒருவரைக் கொன்று மற்றவர் வாழ முடியாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

அவருக்கு மனநோய்னு படிச்சேன். உண்மையா?

சிறுவயதில் லண்டனை ஒட்டிய பெக்கம் ரையில் ஒரு மரம் முழுக்கத் தேவதூதர்களைக் கண்டதாகச் சொன்னார். பொய் சொல்வதாக அப்பா அடிக்க வந்தார், அம்மா தடுத்தார். கடைசிக் காலத்தில் ஜான் வார்லி என்ற ஓவியருக்காக, எதிரே வந்து உட்கார்ந்த உருவங்களைப் பார்த்து வரைவதுபோல் வரைந்தார். ‘தெள்ளுப்பூச்சியின் ஆவி’ அப்படி வந்ததுதான். 1809-இல் அண்ணனின் கடையில் அவர் வைத்த கண்காட்சிக்கு வந்த ஒரே பத்திரிகை விமர்சனம், அவரைப் பரிதாபத்துக்குரிய பைத்தியம் என்றது.

ஆனால் இந்தப் பார்வை எல்லோருக்கும் உண்டு, வளர்க்காததால் இழந்துவிடுகிறார்கள் என்றே அவர் ராபின்சனிடம் சொன்னார். சூரியன் உதிக்கும்போது தங்கக் காசு மாதிரி ஒரு வட்டம் தெரியவில்லையா என்று கேட்டால், இல்லை, ‘பரிசுத்தர்’ என்று முழங்கும் வானவர் கூட்டம் தெரிகிறது என்று பதில் எழுதினார். காசு மாதிரியும் தெரியும் என்பதை அறிந்தவர்தான் அப்படி எழுத முடியும். ஆயுள் முழுக்க வேலை செய்து, மனைவியோடு 45 ஆண்டு வாழ்ந்த மனிதர். பைத்தியம் என்றே நினைத்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்கூட, பைரன், ஸ்காட் ஆகியோரின் தெளிவைவிட இவருடைய பித்து தன்னை ஈர்க்கிறது என்றார்.

ராஜதுரோக வழக்குல மாட்டினாராமே?

1803-இல் ஃபெல்பாம் கிராமத்தில் குடியிருந்தபோது, தோட்டத்துக்குள் நுழைந்த ஸ்கோஃபீல்டு என்ற சிப்பாயைப் பிடித்து வெளியே தள்ளினார். அரசரைச் சபித்ததாக அவன் புகார் கொடுத்தான். 1804 ஜனவரியில் சிச்செஸ்டரில் விசாரணை, விடுதலை. அந்தச் சிப்பாயின் பெயர் ‘ஜெருசலேம்’ காவியத்தில் தீயவர்களில் ஒருவனாக வருகிறது.

அரசரைச் சபித்தாரோ இல்லையோ, அரசாட்சியை அவர் விரும்பியவரல்ல. அடிமை வணிகத்தையும் அப்படித்தான். சுரினாமில் அடிமைகள் பட்ட சித்திரவதைகளை விவரிக்கும் ஸ்டெட்மனின் நூலுக்கு (1796) தகடுகள் செதுக்கினார். அந்தப் படங்கள் இன்றும் பார்க்கக் கூசும்.

‘ஜெருசலேம்’ இங்கிலாந்தோட தேசபக்திப் பாட்டுதானே?

1916-இல் ஹ்யூபர்ட் பாரி இசையமைத்த பிறகு அப்படி ஆனது. சொற்கள் ‘ஜெருசலேம்’ காவியத்தில் இல்லை, ‘மில்டன்’ நூலின் முன்னுரையில் இருக்கின்றன. எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் இரண்டில்தான் அந்த முன்னுரையே உண்டு. இயேசு இங்கிலாந்து மண்ணில் நடந்தாரா என்ற கேள்விகளாகவே முதல் பாதி போகிறது. ‘புலி’யைப் போல இங்கும் பதில் இல்லை.

அதில் வரும் ‘இருண்ட சாத்தானிய ஆலைகள்’ தொழிற்சாலைகளா? லண்டனின் லாம்பெத் பகுதியில் அவர் வீட்டுக்கு நடை தூரத்தில் இருந்த ஆல்பியன் மாவு ஆலை 1791-இல் எரிந்தது, அதன் கரிச்சுவரை அவர் பார்த்திருப்பார். ஆனால் அதே நூலில் சாத்தானின் ஆலை மனதையும் அரைக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

கீதை படிச்சிருக்காரா? நம்ம அத்வைதம் மாதிரியே இருக்கே.

சார்லஸ் வில்கின்ஸின் ஆங்கில கீதை 1785-இல் வந்தது. மேலே சொன்ன 1809 கண்காட்சியில் பிளேக், வில்கின்ஸ் பிராமணர்களோடு அமர்ந்து கீதையை மொழிபெயர்ப்பதாக ஒரு படமும் வைத்திருந்தார். உடைகள் சரியில்லை என்று அறிகிறேன் என்று விவரக் குறிப்பில் அவரே எழுதுகிறார். படம் தொலைந்துவிட்டது.

‘நானும் நீங்களும் கடவுள்’ என்ற பேச்சைக் கேட்டால் அத்வைதம்போலத்தான் தோன்றும். ஆனால் அதே விவரக் குறிப்பில், எல்லைக்கோடு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயர்ந்தது கலை என்கிறார். கோடு கலங்கினால் உயிரே போய்விட்டது என்பது அவர் கட்சி. வடிவங்கள் ஒன்றில் கரைவது அவருக்கு விடுதலை அல்ல. ஒவ்வொரு புல்லும் ஒவ்வொரு முகமும் தன் தனி வடிவத்தோடு நிலைப்பதே அவர் கண்ட நித்தியம். செதுக்குக்காரரின் கை உருவாக்கிய ஆன்மிகம் அது.

பெண் விடுதலை பேசுறார்னு சொல்றாங்க, ஆனா பின்னாடி எழுதினதுல பெண்கள மட்டமா காட்டுறாரே?

இரண்டும் உண்மை. 1793-இல் வந்த ‘ஆல்பியன் மகளிரின் தரிசனங்கள்’ நூலில், வன்கொடுமைக்கு ஆளான ஊத்தூன் என்ற பெண் தான் களங்கப்படவில்லை என்று ஆண்களின் முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். அந்தக் காலத்துக்கு அது பெரிய குரல். பிற்காலக் காவியங்களில் பெண், ஆணிடமிருந்து பிரிந்த பாதியாகவும், பிரிந்து நின்று அதிகாரம் செய்தால் ஆபத்தாகவும் வருகிறாள். அதை மழுப்பத் தேவையில்லை.

கேத்தரினையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1782-இல் திருமணப் பதிவேட்டில் பெருக்கல் குறி இட்டவர். கணவரிடம் படிக்கவும் எழுதவும் கற்று, அச்சு இழுத்து, பல பிரதிகளுக்கு வண்ணமும் தீட்டினார். இன்று கோடிகளுக்கு விலைபோகும் பக்கங்கள் பலவற்றில் அவர் கையும் இருக்கிறது, பெயர் இல்லை.

அமைப்புகள எதிர்த்தவர் தானே ஏன் இவ்வளவு பெரிய அமைப்பு கட்டினார்?

‘ஜெருசலேம்’ காவியத்தில் லாஸ் சொல்கிறான்: நான் ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொருவனின் அமைப்புக்கு அடிமையாவேன். இதை மட்டும் சட்டையில் அச்சடித்துப் போடுகிறார்கள். அடுத்த தகட்டிலேயே, அமைப்புகளோடு போராடித் தனிமனிதர்களை அந்த அமைப்புகளிலிருந்து விடுவிப்பதே லாஸின் வேலை என்று வருகிறது. கட்டுவதும் உடைப்பதும் ஒரே சம்மட்டியால்தான். அதனால்தான் அவர் பாத்திரங்கள் நூலுக்கு நூல் மாறுகிறார்கள், பக்கங்களின் வரிசை பிரதிக்குப் பிரதி மாறுகிறது. இறுகிப்போன அன்றைக்கு அது யூரிசனின் பித்தளைப் புத்தகம் ஆகிவிடும்.

நூறு தகடுகள் கொண்ட ‘ஜெருசலேம்’ முழுவதற்கும் வண்ணமிட்டு முடித்தது ஒரே ஒரு பிரதி. அதை வாங்க ஆள் கிடைப்பது சந்தேகம் என்று 1827 ஏப்ரலில் நண்பர் கம்பர்லேண்டுக்கு எழுதினார். ஆகஸ்ட் 12 அன்று இறந்தார். அந்தப் பிரதி இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஆர்க்கைவில் ‘ஈ’ (E) பிரதி என்று தேடினால் நூறு பக்கமும் கிடைக்கும்.